மேல் மகாகம் ஆற்றங்கரையில் வாழச் செலவே இல்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி: 2025 மார்ச் 4, மாலை 6.10

போர்னியோத் தீவில் இந்தோனேசியாவுக்குரிய பகுதியான காலிமந்தானின் ஆற்றங்கரைக் கிராமங்களைப் பற்றிய காணொளிகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆற்றில் மீன், காட்டில் விறகு, புனத்தில் நெல், வாடகை இல்லாத சொந்த மரவீடு. மாதம் இரண்டாயிரம் ரூபாய் இருந்தால் ஒரு குடும்பம் நிம்மதியாக வாழ்ந்துவிடும் என்று தோன்றுகிறது. நகரத்தில் இருக்கும் நாம்தான் உண்மையான ஏழைகள். அங்கே இருந்தவர்கள் யாராவது இதை மறுக்க முடியுமா?

மார்ச் 4, இரவு 9.50

மறுக்க முடியும். 2022 அக்டோபர் முதல் 2024 பிப்ரவரி வரை, கிழக்குக் காலிமந்தானில் மகாகம் ஆற்றின் மேற்பகுதியில், ஏறத்தாழ எண்பது வீடுகள் கொண்ட, தாயாக் எனப்படும் போர்னியோப் பழங்குடி மக்களின் கிராமம் ஒன்றில் சூரிய மின்நிலையம் ஒன்றை நிறுவிப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய படகுகள் போகும் கடைசி ஊரான லொங் பாகுனுக்கும் மேலே, பெரிய பாறைப் பாய்ச்சல்களைத் தாண்டி, லொங் பஹங்கை வட்டாரத்தில் இருக்கிறது என்பது போதும்.

மீனும் விறகும் இலவசம் என்பது உண்மை. அந்த மீனைப் பிடிக்கப் போகும் படகின் பெட்ரோல் இலவசம் அல்ல. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள சமாரிண்டா நகரத்தில் அப்போது மானிய விலைப் பெட்ரோல் லிட்டர் 10,000 ரூபியா (அந்நாட்டு நாணயம்). எங்கள் ஊர்ப் படித்துறையில் அது நல்ல காலத்தில் 18,000. ஆறு வற்றிய மாதங்களில் 30,000-க்கும் மேலே போனது. உப்பு, சர்க்கரை, சோப்பு, ஆணி, சிமெண்ட், பள்ளிச் சீருடை என எதை வாங்கினாலும் அதன் விலைக்குள் பெட்ரோல் ஒளிந்திருந்தது. அவ்வூரார் தொலைவைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, லிட்டரில் சொல்வார்கள். மாமனார் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பன்னிரண்டு லிட்டர் என்று விடை வரும்.

மார்ச் 5, காலை 7.15

எப்படிப் போவது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சமாரிண்டாவின் சுங்கை குஞ்ஜாங் துறையிலிருந்து காலையில் 'கப்பால் தக்சி' என்னும் இரண்டடுக்கு மரப்படகு புறப்படும். கீழ்த்தளத்தில் பாய், மேல்தளத்தில் மெத்தை. லொங் பாகுன் வரை ஆற்றுவழியில் 500 கிலோமீட்டருக்கு மேல். படகிலேயே இரண்டு இரவுகள் கழியும். நீர் குறைந்துவிட்டால் படகு பாதி வழியில் தேரிங்கிலேயே நின்றுவிடும். லொங் பாகுனுக்கு மேலே பெரிய படகுக்கு வேலையில்லை; ஒல்லியான நீளப் படகுதான். 'ரியாம்' என்று அவர்கள் சொல்லும் பாறைப் பாய்ச்சல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. ரியாம் உடாங், ரியாம் பாஞ்சாங் இரண்டும் பெயர்பெற்றவை. பாஞ்சாங் என்றால் மலாயில் நீளம். நம் பஞ்சாங்கத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது, ஆனால் அதில் இறங்குவதற்கு முன் நல்ல நேரம் பார்ப்பது மட்டும் உண்மை.

பின்னால் எஞ்சினைப் பிடித்திருப்பவர் மோட்டோரிஸ். முன் அணியத்தில் கழியோடு நிற்பவர் ஜுருபாத்து; பாத்து என்றால் கல், ஆக அவர் கல்லைப் பார்ப்பவர். நீருக்குள் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் கையை அசைக்கும் திசையில் படகு திரும்புகிறது. எஞ்சின் இரைச்சலில் வாய்ப்பேச்சுக்கு இடமில்லை. நீர் குறைவான நாட்களில் பயணிகளை இறக்கிவிட்டுக் கரைப்பாறை மேல் நடக்கச் சொல்லிவிட்டு, வெறும் படகைக் கயிறு கட்டி இழுப்பார்கள். எங்கள் மின்நிலையத்துக்கு வந்த நாற்பத்தெட்டு மின்கலங்களில் இரண்டு இன்னமும் ரியாம் பாஞ்சாங்கின் அடியில்தான் கிடக்கின்றன.

மார்ச் 9, இரவு 11.20

செலவு என்றால் என்ன என்பதை ஓர் இரவை வைத்துச் சொல்கிறேன்.

2023 மார்ச்சில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரவு பத்து மணிக்கு இரத்தப்போக்கு தொடங்கியது. ஊரில் பிடான் எனப்படும் மருத்துவச்சி ஒருவர் இருந்தார். அரசு நியமித்தவர், இருபத்தைந்து வயது, ஜாவாக்காரர். தன்னால் ஆனதைச் செய்துவிட்டு, கீழே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் இரவில் ரியாமில் யாரும் இறங்க மாட்டார்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இறங்க மாட்டார்கள், கொடுப்பதற்கு அங்கே யாரிடமும் பணமும் இருக்கவில்லை. விடியும்வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று. அந்த ஏழு மணி நேரத்தில் ஊர் தூங்கவில்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரே அவரைப் பாக் குரு என்றுதான் அழைக்கும். அவர் ஒரு பள்ளி நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேன்களில் பெட்ரோல் வந்தது. ஒரு லிட்டர், மூன்று லிட்டர், ஐந்து லிட்டர். பெயரும் அளவும் எழுதப்பட்டன. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது என்னவென்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. நானும் பத்து லிட்டர் எழுதினேன்.

ஐந்தரை மணிக்கு இரண்டு 40 குதிரைத்திறன் எஞ்சின் பூட்டிய படகு புறப்பட்டது. இறங்குவதற்கு 90 லிட்டர். லிட்டர் 20,000 என்று வைத்தால் 18 லட்சம் ரூபியா, நம் பணத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தேசியக் காப்பீட்டு அட்டை இருந்ததால் மருத்துவமனையில் ஒரு ரூபியாவும் கேட்கவில்லை.

மார்ச் 10, காலை 6.40

நேற்று எழுதிய கணக்கு தவறு. படுத்த பிறகுதான் உறைத்தது. படகு திரும்பி வர வேண்டும். வெள்ளத்தை எதிர்த்து ஏறுவதற்கு 160 லிட்டர் தேவை. மொத்தம் 250 லிட்டர், 50 லட்சம் ரூபியா, அதாவது நம் பணத்தில் இருபத்தேழாயிரத்தை ஒட்டி. நோயாளி இருக்கும் படகைவிட, நோயாளி இல்லாமல் வெறுமனே திரும்பும் படகுக்குத்தான் செலவு அதிகம். கேள்வி கேட்டவர் சொன்ன, மாதம் இரண்டாயிரம் ரூபாயில் வாழும் குடும்பத்துக்கு இது ஓராண்டுக்கும் மேற்பட்ட வருமானம். காப்பீடு மருத்துவமனையின் வாசலில் தொடங்குகிறது. வாசல் வரையிலான ஆற்றுக்கு அந்த நோட்டுதான் காப்பீடு.

மார்ச் 15, பிற்பகல் 3.05

ஒருவர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். சொந்த நெல் விளைவிக்கும் ஊரில் அரிசி விலை ஏறினால் யாருக்கு என்ன என்று கேட்கிறார். நான் இதுவரை அரிசியைப் பற்றிச் சொல்லவே இல்லை, ஆனாலும் கேள்வி நியாயமானது.

அங்கே நெல் புனத்தில் விளைகிறது. ஆண்டுக்கு ஒரு போகம். காட்டுத் துண்டை வெட்டி, உலரவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் எரித்து, மழை தொடங்கும்போது விதைப்பார்கள். ஆண்கள் கூரிய கழியால் வரிசையாகக் குழி போட்டுக்கொண்டே முன்னால் போக, பெண்கள் பின்னால் விதைகளைக் குழியில் இட்டு வருவார்கள். இன்று என் புனம், நாளை உன் புனம் என்று முறைவைத்து ஊரே இறங்கும். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. ஓரிரு போகத்துக்குப் பிறகு அந்த நிலத்தைப் பல ஆண்டுகள் காடாக விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். விதைப்புக் காலத்தில் பாஹாவ், காயான் மக்களின் ஊர்களில் ஹுடோக் ஆட்டம் நடக்கும். வாழையிலைகளை உடல் முழுக்கப் போர்த்தி, பெரிய கண்களும் கோரைப்பற்களும் உள்ள முகமூடிகளோடு, பயிரைக் கெடுப்பவற்றை விரட்ட ஆடுவது.

சிக்கல் தீயில் வந்தது. 2015-இல் சுமத்திராவும் காலிமந்தானும் எரிந்து புகை சிங்கப்பூர் வரை மூடிய பிறகு, எரிப்பதற்கு எதிரான எச்சரிக்கைப் பலகைகள் ஆற்றோரம் எங்கும் முளைத்தன. 2009-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம், உள்ளூர் விதைகளைப் பயிரிடும் குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேர் வரை, தீத்தடுப்பு வரப்பு வெட்டி எரிக்க இடம் தருகிறது. ஆனால் பலகையில் சிறைத் தண்டனையும் அபராதமும்தான் பெரிய எழுத்தில் இருந்தன. பயந்து எரிக்காமல் விட்ட குடும்பம் அடுத்த ஆண்டு அரிசி வாங்கியது. ஆற்று மணலில் பொன் அரிக்கப் போனவர்கள் வாங்கினார்கள். ஆசிரியர், மருத்துவச்சி, கடைக்காரர் எப்போதும் வாங்கினார்கள். 25 கிலோ மூட்டை வழக்கமாக 4,50,000 ரூபியா. 2023 எல் நினோ வறட்சியில் 8,00,000 கொடுத்து நானே வாங்கினேன்.

மார்ச் 16, காலை 8.00

சாப்பாட்டைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நான் புலால் உண்ணாதவன் என்று முதல் நாள் விளக்கினேன். இபு, அதாவது பாக் குருவின் மனைவி, மிகுந்த பரிவோடு இடித்த மரவள்ளிக் கீரையைச் சமைத்து வைத்தார். அதுவரை நான் சாப்பிட்ட கீரைகளிலேயே சுவையானது. ஒரு வாரம் கழித்துத்தான் அந்தச் சுவை பன்றிக்கொழுப்பில் இருந்து வந்தது என்று தெரிந்தது. பன்றியைக் கறியாகப் போடவில்லை, தாளிக்க மட்டுமே போட்டேன் என்றார். அதன் பிறகு நானும் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 23, இரவு 10.15

இரண்டு திருத்தங்கள். மிதக்கும் வீடுகள் எங்கே என்று கேட்டவருக்கு: அவை மேலாற்றில் இல்லை. நடு மகாகத்தில், ஜெம்பாங், செமயாங், மெலிந்தாங் ஏரிகளை ஒட்டிய பகுதியில் கட்டுமரத் தளத்தின் மேல் நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம். மூவாரா முந்தாயில் தெருவே உலின் என்னும் இரும்பு மரப் பலகையால் ஆனது. மோட்டார் சைக்கிள் போகும்போது ஊர் முழுக்கத் தடதடக்கும். அங்கே பெரும்பாலும் குத்தாய், பாஞ்சார் மக்கள், முஸ்லிம்கள், மீன்பிடிப்பவர்கள். மேலே காயான், பாஹாவ், அவோஹெங் மக்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். லாஹாமில் 1907-இலேயே மறைபரப்பாளர்கள் வந்துவிட்டார்கள். பெசுத் எனப்படும் ஆற்று ஓங்கிலும் (டால்பின்) நடு ஆற்றில்தான் இருக்கிறது, நூற்றுக்கும் குறைவாக. நிலக்கரித் தெப்பங்கள் போகும் அதே நீரில் அவையும் நீந்த வேண்டியிருக்கிறது. கப்பால் தக்சியின் மேல்தளத்தில் இரண்டு முறை விழித்துக் காத்திருந்தும் நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

மூவாரா காமானில் தமிழ் மன்னன் ஆண்டான் என்று எழுதியவருக்கு: அப்படி இல்லை. அங்கே கிடைத்த வேள்வித்தூண் கல்வெட்டுகள் ஏழு. காலம் ஏறத்தாழ கி.பி. 400; மொழி சமஸ்கிருதம்; எழுத்து பல்லவ எழுத்தின் தொடக்க வடிவம். குண்டுங்கன், அவன் மகன் அசுவவர்மன், அவன் மகன் மூலவர்மன் என்று மூன்று தலைமுறை சொல்லப்படுகிறது. பாட்டனின் பெயர் உள்ளூர்ப் பெயராகவே கொள்ளப்படுகிறது. தென்னாட்டுத் தொடர்பு எழுத்தில் இருக்கிறது, அரச குலத்தில் தேட வேண்டாம். இனி ஆற்றின் மேலே போவோம்.

ஏப்ரல் 2, மாலை 5.30

பணம் எங்கிருந்து வருகிறது என்பதே நல்ல கேள்வி. ஒரே பதில் கிடையாது. அவ்வூர் மூத்தவர்கள் தம் வாழ்க்கையையே எது விலைபோனது என்பதை வைத்துத்தான் பிரித்துச் சொல்கிறார்கள். 1960-களின் கடைசியில் 'பாஞ்சிர் காப்' காலம்: மரத்தை வெட்டிக் கரையில் அடுக்கி, வெள்ளம் வந்ததும் ஆற்றில் மிதக்கவிடுவது. பாக் குருவின் அப்பா அந்தப் பணத்தில் ஒரு தையல் எந்திரம் வாங்கினார். அது இன்னமும் ஓடுகிறது. 1990-களில் அகில். அவர்கள் கஹாரு என்பார்கள். நம் அகிலும் வடமொழி அகருவும் அதன் உறவுச் சொற்கள். நோய் தொற்றிய மரத்தில் மட்டுமே அந்தப் பிசின் ஊறும், எந்த மரம் என்று வெளியிலிருந்து எளிதில் தெரியாது. ஆகவே தேடிப் போனவர்கள் வாரக்கணக்கில் காட்டில் இருந்து, கண்ணில் பட்டதை எல்லாம் வெட்டிப் பார்த்தார்கள். மரம் அருகிப்போனது. பிறகு குகைகளில், உண்ணப்படும் உழவாரன் குருவிக் கூடு, மணலில் பொன்.

சங்க கால அகில் போர்னியோவிலிருந்து வந்திருக்கும் என்று ஒருவர் இதற்குள் எழுதிவிட்டார். பட்டினப்பாலை 'குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்' என்று மேற்கு மலையைத்தான் சொல்கிறது.

இப்போது சீரான பணம் அரசிடமிருந்து வருகிறது. 2014-இன் கிராமச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வோர் ஊருக்கும் நேரடியாக நிதி இறங்குகிறது. எங்கள் ஊர் இருந்த மகாகம் உலு தனி மாவட்டமாகப் பிரிந்ததும் 2012 முடிவில்தான். பெதிங்கி எனப்படும் ஊர்த்தலைவரின் வேலை இப்போது பாதிக்கு மேல் கணக்கு எழுதுவது. படித்துறைக்குச் சிமெண்ட் வாங்கினால் சிமெண்டைவிட அதை ஏற்றி வந்த கூலி கூடுதல் என்பதை மாவட்ட அலுவலகத்தில் புரியவைப்பது அவருடைய ஆண்டுப் போராட்டம்.

காட்டுப்பன்றி பற்றியும் சொல்ல வேண்டும். நான் போனபோது வேட்டை நாய்கள் வேலையில்லாமல் படுத்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு காட்டில் பன்றிகள் கும்பல் கும்பலாகச் செத்து, ஆற்றிலும் மிதந்து வந்ததாகச் சொன்னார்கள். 2021-இல் போர்னியோவில் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அது. வேட்டைக்கறி இலவசமாக இருந்த இடத்தில் உறைந்த கோழி வந்து உட்கார்ந்தது. உறைந்த கோழிக்குக் குளிர்பெட்டி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், மின்நிலையம் பழுதானால் என்னைத்தான் திட்டுவார்கள். முதல் கேள்வியைக் கேட்டவர் இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 19, காலை 9.10

பதினேழு நாட்களாக ஒரு வரியும் எழுதவில்லை. மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது எல்லாவற்றையும் பெட்ரோலாக்கிவிட்டேன் என்று பட்டது. பெட்ரோல் இரண்டாவது காரணம். முதல் காரணம் நீர்மட்டம்.

துறைக்கு நேரெதிரே ஒரு பாறை இருந்தது. காலையில் எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே, ஊரில் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். பாறையின் இடுப்பு வரை நீர் இருந்தால் ரியாம் திறந்திருக்கிறது. தலை மட்டும் தெரிந்தால் ஜுருபாத்து யோசிப்பார். தலையும் மூழ்கினால் யாரும் எங்கும் போவதில்லை. அடி தெரிந்தாலும் போவதில்லை. ஆக, மிகுந்தாலும் குறைந்தாலும் கதவு சாத்திவிடும். 2023 செப்டம்பரில் பாறையின் அடியில் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடினார்கள். ஒரு தனிமத் துண்டுக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருகிக்கு (ஃபியூஸ்), முப்பத்தொரு நாள் காத்திருந்தேன். அவ்வளவு நாளும் ஊர் இருட்டில் இருந்தது. அது பெட்ரோல் செலவால் அல்ல, நீர் இல்லாததால். 2024 மே வெள்ளத்தில் மாவட்டத் தலைநகர் உஜோ பிலாங்கே மூழ்கியபோது நான் ஏற்கெனவே ஊர் திரும்பியிருந்தேன். பாறையைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பாறை என்று பாக் குரு எழுதினார்.

ஏப்ரல் 19, காலை 9.25

மேலே 'தனிமத் துண்டு' என்று எழுதியது பிழை, உருகி மட்டுமே. காலை அவசரம்.

மே 11, இரவு 10.40

அங்கே இணையம் உண்டா என்ற கேள்வி பல முறை வந்துவிட்டது. நான் இருந்தபோது ஆரம்பப் பள்ளிச் சுவரை ஒட்டி நின்றால் வாட்ஸ்அப் செய்தி போகும். மழை பெய்தால் அதுவும் போகாது. 2024 மேயில் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் இந்தோனேசியாவுக்கு வந்த பிறகு கடைக்காரர் ஒரு தட்டை வாங்கி மாட்டிவிட்டார். ஒரு மணி, இரண்டு மணி என நேரக் கணக்கில் இணையச் சீட்டு விற்கிறார். மாலையில் அந்தக் கடைப் படிக்கட்டில்தான் ஊரின் இளையவர்கள் அத்தனை பேரும். பெட்ரோலும் நீர்மட்டமும் தொட முடியாத முதல் பொருள் அது. வானத்திலிருந்து இறங்குவதால் சமாரிண்டாவில் ஆகும் அதே நேரத்தில் அங்கேயும் வந்து சேர்கிறது.

இது நல்லது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பிடான் அனுப்பிய ஒரு குரல் செய்தி நினைவுக்கு வருகிறது. இப்போது கீழேயுள்ள மருத்துவரோடு முகம் பார்த்துப் பேச முடிகிறதாம். உடனே கூட்டி வாருங்கள் என்று மருத்துவர் சொல்கிறாராம். இரவு பத்து மணிக்குச் சொல்கிறாராம். முன்பெல்லாம் விடியும்வரை எனக்கும் தெரியாது, இப்போது தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

மே 12, காலை 7.30

ஏழையா இல்லையா என்று நேரடியாகச் சொல்லுமாறு கேள்வி கேட்டவர் வற்புறுத்துகிறார். நான் முதல் நாள் கோபத்தில் மறுத்தேன். அவர் சொன்னதில் பாதியை இப்போது ஏற்றுக்கொள்கிறேன். அவ்வூரில் யாரும் பசித்துப் படுத்ததை நான் பார்க்கவில்லை. களஞ்சியத்தில் நெல் இருந்த வீட்டில், இல்லாத வீட்டுக்காரர் கூடையோடு போய் நிற்பதில் வெட்கம் இருக்கவில்லை. உட்கார்ந்திருக்கும் வரையில் அங்கே வாழ்வு மலிவு. அசைந்தால்தான் செலவு: பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்குப் போக, பல் பிடுங்க, அடையாள அட்டை எடுக்க, செத்தவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுவர. பாக் குருவின் மூன்று பிள்ளைகளும் சமாரிண்டாவில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவதாக இரண்டு ஆண்டும் சொன்னார்கள். ஓர் ஆண்டு நீர் இல்லை, ஓர் ஆண்டு பணம் இல்லை.

ஜூன் 8, இரவு 9.05

மார்ச்சில் நான் இங்கே விவரித்த அந்தப் பெட்ரோல் கணக்கு நோட்டைப் பற்றிப் பாக் குருவிடம் சொன்னேன். தமிழில் இதைப் பலர் படிக்கிறார்கள் என்றேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். எழுபத்தொரு பெயர்கள், மொத்தம் 246 லிட்டர். நான்கு லிட்டர் குறைந்ததைப் படகுக்காரர் தன் பெயரில் பிறகு எழுதிக்கொண்டிருக்கிறார். கொடுத்தவர் வீட்டில் நோயோ சாவோ வந்தபோது திருப்பிக் கொடுத்த லிட்டர்களைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பெயர்கள் அடிபட்டுவிட்டன. என் பெயர் தமிழ்க் கண்ணுக்கு அடையாளம் தெரியாத எழுத்துக்கூட்டலில், கடைசிக்கு இரண்டு வரி மேலே, பத்து லிட்டர் என்று அடிபடாமல் நிற்கிறது. அதை ரத்து செய்துவிடுங்கள், நான் எங்கே வந்து வாங்கப் போகிறேன் என்று எழுதினேன். அது என் கையில் இல்லை, அந்தக் குழந்தையின் அப்பாவிடம் கேட்க வேண்டும், அவர் மேலே புனத்துக்குப் போயிருக்கிறார், ஆறு லிட்டர் தூரம் என்று பதில் வந்தது.